கழற்றி மாட்டும் எஞ்சின்: சோழமண்டலக் கரையில் பழைய கலமும் புதிய கருவியும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூர், அனகாபுத்தூர், பொழிச்சலூர், கவுல்பஜார் என்று ஆற்றோரம் வளர்ந்த புறநகர்களின் தெருக்கள் நீருக்கடியில் போயின. பொழிச்சலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆறு விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்குக் கீழே நுழைந்து போகிறது. அந்த விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. அந்த நாள்களில் ராணுவத்தின் ரப்பர் படகுகளோடு மீனவர்களின் பைபர் படகுகளும் சென்னையின் தெருக்களுக்குள் வந்தன. குப்பத்து மணலில் கிடந்த படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தண்ணீர் தொடங்கும் இடத்தில் இறக்கி ஓட்டினார்கள். மீனவர்களின் பெருமனத்துக்கு இது சான்று என்று பலரும் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் படகுகளுக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப வரலாறும் இருக்கிறது. எஞ்சின் உடலோடு பூட்டப்பட்ட கலமாக இருந்தால் அதைத் துறைமுகத்திலிருந்து கிளப்பி ஊருக்குள் கொண்டுவர கிரேன் வேண்டும். குப்பத்துப் படகில் எஞ்சின் தனி, உடல் தனி. எஞ்சினைக் கழற்றி ஒருபுறம் வைத்துவிட்டால் உடலைப் பத்துப் பேர் தூக்கிவிடலாம். இறக்கியபின் மாட்டிக்கொள்ளச் சில நிமிடம் போதும்.

பாய்க்கும் துடுப்புக்கும் என்று செய்த கலத்தில் பிற்காலத்துக் கருவி ஒன்றை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பது உலகம் முழுக்கப் படகுக்காரர்களுக்கு இருக்கும் கேள்வி. பொழுதுபோக்குப் பாய்ப்படகு வைத்திருப்பவர் பழைய கலத்தைப் புதுப்பிக்கும்போது கப்பி, கருவி, மின்கம்பி எல்லாவற்றையும் எங்கே துளையிட்டு எப்படிப் பூட்டினால் ஒழுங்காகவும் ஒழுகாமலும் இருக்கும் என்று கணக்குப் போடுகிறார். சோழமண்டலக் கரையின் விடை அதற்கு ஒரு படி முன்னாலேயே தொடங்குகிறது: உடலோடு இறுக்கிப் பூட்டாதே, அசைய இடம் கொடு, கழற்ற வழி வை. இதை வறுமையின் அடையாளம் என்றும், பழைமையில் பிடிவாதம் என்றும் அதிகாரிகள் நெடுங்காலம் எண்ணினார்கள். என் கருத்து வேறு. இது இந்தக் கரையின் மணலும் அலையும் கற்றுக்கொடுத்த பொறியியல் முடிவு. 1950களிலிருந்து இங்கே படகுகளுக்கு எஞ்சின் ஏற்ற வந்த திட்டங்களில் எது குப்பங்களில் நிலைத்தது, எது துறைமுகங்களுக்குள் ஒதுங்கிப்போனது என்பதைத் தீர்மானித்ததும் பெருமளவு இதுதான்.

கரையை முதலில் பார்க்கவேண்டும். பழவேற்காட்டிலிருந்து தெற்கே போகப்போக நேரான மணற்கரை. ஆற்று முகங்கள் உண்டு, ஆனால் மணல் திட்டு ஏறி அவை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடையாற்று முகத்தையே ஆண்டுதோறும் தோண்டித் திறக்கவேண்டியிருக்கிறது. கப்பல் ஒதுங்க இயற்கையான குடா கிடையாது. 1639இல் ஆங்கிலேயர் இடம் வாங்கிய சென்னை, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் துறைமுகம் இல்லாமலே துறைமுக நகரமாக வளர்ந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் அலை உடையும் இடத்தைக் கடந்து கரைக்கு வர மசூலாப் படகுதான் வழி. 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். 1870களின் நடுவில் செயற்கைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது, 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். அவ்வளவு கல்லையும் இரும்பையும் உடைத்த அலைக்குள்தான் நாரால் தைத்த படகுகள் நாள்தோறும் போய்வந்தன.

மசூலாப் படகின் உடலை நெருங்கிப் பார்த்தால் காரணம் தெரியும். பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளை. இரண்டு பலகை சேரும் கோட்டின்மேல் காய்ந்த புல்லைத் திரட்டி வைத்து, அதை அழுத்திப் பிடிக்கும்படி தென்னை நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகத் தைப்பார்கள். உள்ளே விலாச்சட்டம் கிடையாது. ஆணி கிடையாது. அலை இப்படகை மணலில் மோதும்போது பலகைகள் சற்றே நெளிந்து, தையல் அதைத் தாங்கி, மறுபடி பழைய வடிவுக்கு வரும். நீர் கசியும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருப்பார். கப்பல்களோடு வந்த ஐரோப்பியப் படகுகள் வலுவான சட்டமும் ஆணியும் உள்ளவை, இதே மோதலில் அவை விரிசல் விட்டன. அதனால்தான் ஆளுநரானாலும் சாதாரணச் சிப்பாயானாலும் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மசூலாவுக்கு மாறி இறங்கவேண்டியிருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தைப்பதற்கும் துளை வேண்டும். ஆகவே இக்கரையில் படகு கட்டும் ஓடாவிகள் துளைக்குப் பயந்தவர்கள் அல்லர். துளைக்குள் எதைச் செலுத்துகிறோம் என்பதில்தான் அவர்கள் கவனம். ஆணி மரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. உப்பில் துருப்பிடித்து மரத்தையும் அரித்துவிடும். நார் விட்டுக்கொடுக்கும், நைந்தால் பிரித்து மறுபடி தைக்கலாம்.

கட்டுமரத்தில் இந்தச் சிந்தனை இன்னும் தெளிவு. அல்பீசியா போன்ற எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் பிணைக்கிறார்கள். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைப்பார்கள். நீர் ஊறிய மரம் கனத்துவிடும் என்பதால். ஒவ்வொரு நாளும் பிரித்து ஒவ்வொரு நாளும் கட்டும் கலம் இது. இதில் நிலையாகப் பொருத்தியது என்று ஒன்றுமே இருக்க முடியாது. பாய்மரம் கழன்று வரும். பாய் சுருண்டு தோளில் போகும். காற்று பக்கவாட்டில் தள்ளாமல் இருக்க ஒரு பலகையை இரண்டு மரத்துக்கும் இடையிலுள்ள சந்தில் செருகிக் கீழே இறக்குவார்கள். ஆழம் குறைந்தால் மேலே இழுத்துவிடுவார்கள். ஐரோப்பியப் பாய்ப்படகில் இதே வேலைக்கு உடலின் நடுவே நீளமான பிளவு வெட்டி, சுற்றிப் பெட்டி அடித்து, ஒழுகாமல் அடைக்கவேண்டும். கட்டுமரத்தில் அந்தச் சந்து கட்டுமானத்திலேயே இருக்கிறது. கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோன கட்டுமரக்காரர்கள் அதை ஓலையால் முடைந்த கூர்த்தொப்பிக்குள் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள் என்று பழைய பயணக் குறிப்புகள் பேசுகின்றன. கலத்தில் உலர்ந்த இடம் இல்லையென்றால் கலத்தை மாற்றுவதில்லை, பொருளை ஆள்மேல் ஏற்றிக்கொள்வது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் இக்கரையின் கலங்களைப் பொறுமையாக விவரித்திருக்கிறார். நிர்வாகத்தில் இருந்துகொண்டே ஓடாவியின் அறிவை மதித்தவர் என்ற வகையில் அவர் அரிய மனிதர்.

விடுதலைக்குப் பின் மீன்பிடியை விரைவுபடுத்தும் முயற்சி தொடங்கியது. கேரளத்தில் நீண்டகரையை மையமாகக்கொண்டு இந்தோ நார்வே திட்டம் 1953இல் வேலையைத் தொடங்கியது. சென்னை மாநிலமும் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் வல்லுநர்களை வரவழைத்தது. எல்லா இடத்திலும் முதலில் எழுந்த எண்ணம் இயல்பானது: இருக்கிற படகிலேயே எஞ்சினை வைத்துவிடலாம். அது ஏன் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் எஞ்சினின் உடலமைப்பில் இருக்கிறது. உள்ளே வைக்கும் எஞ்சினுக்கு அசையாத படுக்கை வேண்டும். அதிலிருந்து புறப்படும் தண்டு படகின் பின்பகுதியைத் துளைத்து வெளியே போய் விசிறியைச் சுழற்றவேண்டும். எஞ்சின், தண்டு, அது புகும் குழாய் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தாகவேண்டும். மயிரிழை விலகினாலும் அதிர்வு தொடங்கி, தாங்கி தேய்ந்து, குழாய்வழி தண்ணீர் ஏறும். ஒவ்வோர் அலைக்கும் நெளிவதற்கென்றே தைத்த மசூலாவில் நேர்கோடு எங்கே நிற்கும்? மாலையில் அவிழ்த்துவிடும் கட்டுமரத்தில் படுக்கையை எதில் அடிப்பது? மேலும், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி கரையேறும்போது முதலில் மணலில் குத்தும்.

ஆகவே பழைய கலத்தைக் கைவிட்டுப் புதிய கலத்தை வடித்தார்கள். கீழ்மரமும் விலாச்சட்டமும் ஆணியும் கொண்ட, உள்ளே டீசல் எஞ்சின் பூட்டிய விசைப்படகுகள் கடனிலும் மானியத்திலும் வந்தன. பாப்லோ படகு என்ற பெயர் தமிழ்நாட்டுக் கரையில் பரவியது அப்போதுதான். இப்படகுகளுக்குக் கட்டாயம் ஒதுங்கிடம் வேண்டும். அவை ஆற்று முகங்களையும் துறைமுகங்களையும் நோக்கித் திரண்டன. நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, சென்னையில் காசிமேடு என்று சில இடங்கள் பெருத்தன. இடைப்பட்ட நூற்றுக்கணக்கான குப்பங்கள் துடுப்பும் பாயுமாக அப்படியே நின்றன. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே பின்னால் மூண்ட பகைக்கு வலை, இறால் விலை, கடல் எல்லை என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் அடியில், எஞ்சினைக் கலத்தோடு பூட்டும் முறை ஒன்றையே வழி என்று எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பூட்டிய எஞ்சின் துறைமுகத்தைக் கேட்டது. துறைமுகம் இல்லாத ஊர் பந்தயத்திலிருந்து விலகியது.

1979இல் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது, மணலில் ஏறி இறங்கும் படகுக்கு எஞ்சின் எப்படி என்ற கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார்கள். ஊய்விந்த் குல்பிரான்ட்சன் என்ற நார்வேக் கலவடிவமைப்பாளர் அதில் முக்கியமானவர். அவர் கண்ட விடை இன்றும் மனத்தைக் கவர்வது. டீசல் எஞ்சினையும் தண்டையும் ஒரே துண்டாக ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியையே ஊஞ்சல்போல் சுழலவிட்டார்கள். தண்டு உடலைவிட்டு வெளியேறும் இடத்தில் இரும்புக் குழாய்க்குப் பதிலாக மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. கரை நெருங்கும்போது கைப்பிடியை இழுத்தால் எஞ்சின் சாய, விசிறியும் சுக்கானும் உடலின் அடிமட்டத்துக்கு மேலே எழும்பும். எஞ்சின் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் பூட்டப்படவில்லை. அலைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கரையின் பழைய நிபந்தனையை வெளிநாட்டுப் பொறியாளர் ஏற்றுக்கொண்டு வடித்த கருவி இது. அந்தப் படகு விலையாலும் எடையாலும் குப்பம் குப்பமாக வேரூன்றவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அதே காலத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். ஒட்டுப்பலகைத் தகடுகளைக் கம்பியால் தைத்துச் சேர்த்து, இணைப்பின்மேல் பிசினும் கண்ணாடியிழையும் பூசும் முறை. மரமும் பிசினும் மாறினாலும், பலகையைப் பலகையோடு தைப்பது இக்கரைக்குப் புதியதல்ல. அந்தப் படகுகள் பரவின.

குப்பங்களில் உண்மையில் வென்றவை இரண்டு கருவிகள். ஒன்று, 1980களில் ஜப்பானிலிருந்து வந்த வெளிப்பொருத்து எஞ்சின். யமஹா, சுசுகி என்ற பெயர்கள் கரையில் வீட்டுப்பெயர்களாயின. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. இன்னொன்று நீள்வால் எஞ்சின், தாய்லாந்தின் ஆறுகளில் பெயர்பெற்றது. கிரீவ்ஸ் லொம்பார்டினி போன்ற காற்றுக் குளிர்வு டீசல் எஞ்சினை ஒரு முளையின்மேல் சமநிலையாக வைத்து, பின்னால் ஆள் உயரத்துக்கும் அதிகமான தண்டு, அதன் நுனியில் விசிறி. ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தினால் விசிறி நீருக்கு மேலே வரும். மணல் திட்டோ வலையோ எதிர்ப்பட்டால் ஒரு நொடியில் தூக்கிவிடலாம். இரண்டுக்கும் பொதுவான தன்மை, இரண்டும் படகின் உடலுக்குள் புகவில்லை என்பது. தண்டுக்காக அடியில் துளை இல்லை. ஒழுகும் இடம் ஒன்றுகூடப் புதிதாக உண்டாகவில்லை. மாலையில் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோகலாம், பழுது பார்க்க எஞ்சினை மட்டும் எடுத்துப்போகலாம், படகு பழுதானால் எஞ்சினை வேறு படகில் மாட்டலாம்.

இதில் பொருத்தும் கலை என்று தனியாக ஒன்று வளர்ந்தது. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். பழைய வள்ளங்கள் இருபுறமும் கூர்மையானவை. அணியம் என்ற முன்முனையும் அமரம் என்ற பின்முனையும் ஒரே வடிவம். வெளிப்பொருத்து எஞ்சினோ தட்டையான பின்பலகையை எதிர்பார்த்துச் செய்தது. முதலில் செய்தது, பக்க விளிம்புகளுக்குக் குறுக்கே ஒரு கனத்த விட்டத்தைக் கட்டி, அது வெளியே நீட்டும் முனையில் எஞ்சினின் பிடியை இறுக்கியது. பக்கத்தில் தொங்கும் எஞ்சின் படகை ஒருபுறமாகத் திருப்பப் பார்க்கும். ஓட்டுபவர் எப்போதும் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டும். பிறகு அமரத்தை வெட்டித் தட்டையாக்கிய வள்ளங்கள் வந்தன. கருவிக்காகக் கலம் தன் வடிவத்தை மாற்றிக்கொண்ட இடம் அதுதான். பின்பலகையின் உயரமும் கணக்கு. எஞ்சின் காலின் நீளம் வழக்கமாகப் பதினைந்து அல்லது இருபது அங்குலம். விசிறிக்குச் சற்று மேலே உள்ள கிடைத்தகடு ஏறக்குறைய படகின் அடிமட்டத்தோடு ஒத்து நிற்கவேண்டும். உயர்ந்துவிட்டால் விசிறி காற்றைக் குடித்து எஞ்சின் வீணாக அலறும். தாழ்ந்துவிட்டால் இழுவை கூடி எண்ணெய் செலவாகும். பிடித் திருகுக்கு அடியில் மரத்துண்டோ ரப்பரோ வைத்தால் அதிர்வு பலகையைத் தின்னாது. திருகு தளர்ந்தாலும் எஞ்சின் கடலில் போகாதபடி ஒரு கயிறு எஞ்சினிலிருந்து படகுக்கு எப்போதும் கட்டியிருக்கும். இறுக்கிய திருகைவிடக் கட்டிய கயிற்றை நம்பும் பழக்கம் கட்டுமரக் காலத்திலிருந்து வந்தது.

என் கருத்துக்கு எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. கழற்றி மாட்டும் முறை அறிவால் வந்ததல்ல, காசில்லாமையால் வந்தது. பணம் இருந்தால் எல்லோரும் உள்ளே பூட்டிய எஞ்சினைத்தான் வாங்கியிருப்பார்கள் என்பது. ஒரு பகுதி உண்மைதான், வெளிப்பொருத்து எஞ்சின் விலை குறைவு. ஆனால் இதே தமிழ்க் கடற்கரையில், இதே கடல் தொழில் மரபுகளில், பூட்டிய எஞ்சினைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடித் தோணிகளைப் பாருங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் பாய்விரித்துப் போய்வந்த பெருங்கலங்கள், தடித்த சட்டமும் ஆணியும் கொண்டவை. அவை பின்னால் அமரத்தில் சரக்கு இடத்தைக் குறைத்து எஞ்சின் அறை அமைத்தன, கொடிமரங்கள் குறுகின. இந்திய வணிகக் கப்பல் சட்டம் 1958, பாயால் மட்டுமே ஓடப் போதிய பாய்ப்பரப்பு உள்ள கலத்தை, எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாய்க்கலம் என்றே எண்ணியது. எஞ்சின் ஏற்றிய தோணிகள், எஞ்சின் பொருத்திய பாய்க்கலம் என்று பொருள்படும் எம்.எஸ்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கித் திரிவது அந்த மரபில்தான். ஜோ டி குரூஸின் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற ‘கொற்கை’ நாவல் இந்தத் தோணி உலகத்தைப் பதிவு செய்திருக்கிறது. இவ்வகைக் கலத்தின் உறுதிக்கு வல்வெட்டித்துறை இன்னொரு சாட்சி. அங்கே வேப்ப மரத்தால் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கலத்தை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்த அக்கலம் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டரை அடைந்தது. அப்படிப்பட்ட உடலில் எஞ்சினைப் பூட்டலாம். அதற்குத் துறை இருக்கிறது, ஆழம் இருக்கிறது, நெளியாத சட்டம் இருக்கிறது. காசிமேட்டிலும் அப்படியே, 1984இல் மீன்பிடித் துறைமுகம் திறந்த பின் அங்கே எண்ணூரில் செய்யும் அசோக் லேலண்ட் எஞ்சின்களை உள்ளே இறக்கிய விசைப்படகுகள் பெருகின. ஆக, ஒதுங்கிடம் இருக்கும் ஊரில் பூட்டினார்கள், மணற்கரை மட்டும் உள்ள ஊரில் தொங்கவிட்டார்கள். பை கனமா லேசா என்பதைவிடக் கரை எது என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு, கட்டுமரமே போய்விட்டது, அதன் விதியைப் பேசி என்ன பயன் என்பது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கட்டுமரத்தைக் கரையிலிருந்து கிட்டத்தட்ட அகற்றிவிட்டன என்பது மறுக்க முடியாதது. பைபர் உடல் நெளியாது, உலர்த்தவேண்டாம், அவிழ்க்கவேண்டாம். ஆனால் படகு மாறியபோதும் கரை மாறவில்லை. அவசர அவசரமாக வார்த்த படகுகளில் குறைகள் தெரிந்த இடங்களில் ஒன்று, எஞ்சின் தொங்கும் பின்பலகைதான். கண்ணாடியிழைக்குள் வைத்த ஒட்டுப்பலகையில் துளையிட்டுப் போல்ட்டை முடுக்கிவிட்டு, துளையின் விளிம்பைப் பிசினால் அடைக்காமல் விட்டால், உப்புநீர் உள்ளே ஊறிப் பலகை கூழாகும். பெரிய வாஷரோ உட்புறம் ஒரு தாங்கு பலகையோ இல்லாமல் சிறு நட்டை மட்டும் இறுக்கினால் எஞ்சினின் இழுவை முழுதும் ஒரு நாணய அளவு இடத்தில் விழும். அங்கே விரிசல் கிளம்பும். தைத்த பலகையின் காலத்தில் ஓடாவி எதைத் தவிர்த்தானோ, அதுவே பிசின் காலத்தில் வேறு உருவில் வந்து நிற்கிறது. வெளியே தெரியும் பளபளப்பால் அதை மூடிவிட முடியாது.

பாயை இழந்ததும் இக்கணக்கில் சேரவேண்டும். கழற்றி மாட்டும் எஞ்சின் முதலில் வந்தபோது பாய்மரம் படகிலேயே இருந்தது. கச்சான் காற்று வீசினால் பாய், காற்று விழுந்தால் எஞ்சின். எஞ்சின் நின்றுபோனால் வீடு திரும்பப் பாய் இருந்தது. பைபர் படகுகளை வார்த்தவர்கள் பாய்மரம் ஊன்ற இடம் வைக்கவில்லை. ஒரு சிறு ஊன்றுகட்டையும் குறுக்குச் சட்டத்தில் ஒரு வளையமும் அச்சிலேயே வைத்திருந்தால் பெரிய செலவாகியிருக்காது. எரிபொருள் விலை ஏறும் ஒவ்வொரு முறையும், எஞ்சின் பழுதாகிப் படகு இழுபட்டுப்போகும் ஒவ்வொரு முறையும், இந்த விடுபடலின் விலையைக் குப்பம் கொடுக்கிறது. புதிய கருவியைப் பொருத்தும்போது பழைய கருவிக்கு இருந்த இடத்தை அழிக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கட்டுமரக்காரர்கள் எதையும் நிலையாகப் பூட்டாததால் எதையும் நிரந்தரமாக இழக்கவும் இல்லை.

இப்போது படகுகளுக்கு எஞ்சினுக்கு அடுத்த தலைமுறைக் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன: ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி, விஎச்எஃப் ரேடியோ, விசைப்படகுகளுக்குச் செயற்கைக்கோள்வழித் தகவல் சொல்லும் டிரான்ஸ்பாண்டர். சென்னையின் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கான கைபேசிச் செயலியை உருவாக்கிப் பல ஆண்டுகளாகிறது. விசைப்படகில் மேல் அறை உண்டு, அங்கே கருவியை அடித்துவைக்கச் சுவர் உண்டு. குப்பத்துப் பைபர் படகில் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. கருவி பாலித்தீன் பையில் சுற்றி மீன்பெட்டிக்குள் கிடக்கிறது. பேட்டரி ஒரு பிளாஸ்டிக் வாளியில். இரண்டையும் சேர்க்கும் கம்பி வலையில் சிக்கி அறுகிறது. கைபேசியும் கையடக்க ரேடியோவும் இக்கரையில் எளிதாகப் பரவியதற்கு இதுவே காரணம்: அவற்றைப் பொருத்தவே வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஓலைத் தொப்பிக்குள் கடிதம் வைத்த அதே தீர்வு. நிலையாக இருந்தாகவேண்டிய கருவிகளுக்கோ அந்த வழி உதவாது. கழற்றி எடுக்கக்கூடிய நீர்புகாப் பெட்டி, அது செருகி நிற்கும் ஒரு தடம், கம்பி போகும் மூடிய குழாய், அலையில் தூக்கியெறியாதபடி ஒரு கட்டு ஆகியவை தேவை. இவை எல்லாம் உள்ளூர்ப் பட்டறையில் செய்யக்கூடியவை.

கருவிக்கு மானியம் தரும்போது அதைப் பொருத்தும் வேலைக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கவேண்டும் என்று மீன்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வடிவத்தைச் சென்னை அலுவலகத்தில் வரையாமல், கோவளம், நீலாங்கரை, ஊரூர் குப்பம் போன்ற கரைகளில் படகு பழுது பார்ப்பவர்களோடு உட்கார்ந்து தீர்மானிக்கவேண்டும். நாகப்பட்டினத்தில் தமிழ்நாட்டுக்கென்று மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விட்டம் கட்டிய காலம் முதல் இன்றைய பின்பலகை வரை எஞ்சின் மாட்டிய முறைகளை அளவோடும் படத்தோடும் பதிவு செய்ய அதன் மாணவர்களை அனுப்பலாம். கட்டுமரத்தைத் தன் கையால் கட்டி, அதே கையால் முதல் யமஹாவை மாட்டிய தலைமுறைக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பதிவை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போடக் கூடாது.